நாற்பது வயதில் நான்கு பதக்கங்கள்
(சரத் கமலும், அவர் காலத்தில் மாறிக்கொண்டே வந்த டேபிள் டென்னிஸும்)

நமது இதழில் சங்கீத வித்வான்களைப் பற்றியும் கணித மேதைகளைப் பற்றியும் கோயில்களின் ஸ்தல வரலாறு பற்றியும் நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. விளையாட்டு என்று வந்தால் கிரிக்கெட்டும் செஸ்ஸும்தான் இடம் பிடிக்கும். இந்தத் தடவை டேபிள் டென்னிஸ் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். அங்கத்தினர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் அநேகமாக எல்லோருமே ஏதாவதொரு காலத்தில் இந்த மட்டையைப் பிடித்தவர்கள்தான். பாங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ், தபால் தந்தி என்று எந்த உத்தியோகமானாலும் அங்கே ஒரு ரிக்ரியேஷன் கிளப் இருக்கும். கிளப்பில் ஒரு கேரம் போர்டும், ஒரு செஸ் போர்டும், ஒன்பது அடி நீளம் ஐந்து அடி அகலத்தில் பச்சை மேஜை ஒன்றும் இருக்கும். உத்தியோக மாற்றலில் நான் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் சாயந்திரம் ஐந்தரை மணிக்கு மேல் அந்த மேஜையடியில்தான் புது சிநேகிதர்கள் கிடைத்தார்கள்.

அப்படி ஆடியவன் என்கிற ஒரே தகுதியில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 2006-ம் வருஷம் மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டுகளில் ஆடவர் ஒற்றையர் தங்கம் வென்றவர் அசந்தா சரத் கமல். அப்போது அவருக்கு வயது 23. அதே தங்கத்தை 2022 ஆகஸ்ட் 8-ந் தேதி பர்மிங்ஹாமில் மறுபடியும் வென்றார். அப்போது வயது 40. நடுவில் பதினாறு வருஷங்கள். கண் இமைப்பதற்குள் பந்து போய்விடும் ஒரு ஆட்டத்தில், பதின்பருவத்துப் பிள்ளைகள் உலகப் பட்டியலில் ஏறிவரும் ஒரு ஆட்டத்தில், இது எப்படி சாத்தியமாயிற்று? அதற்கான பதில் அவருடைய ஃபோர்ஹேண்டில் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல, கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பம்பாயில் சத்தமில்லாமல் வந்த மட்டை

1952 பிப்ரவரியில் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. ஆசியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. ஜப்பான் நாடு அதில் கலந்துகொண்டதும் அதுவே முதல் தடவை. அந்த அணியில் ஹிரோஜி சாதோ என்று ஒருவர் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, பார்வைக்கு சாதுவான மனிதர். அவர் மட்டையில் எல்லோரும் வைத்திருந்த புள்ளி ரப்பர் இல்லை. தடித்த நுரை ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது.

அதுவரை டேபிள் டென்னிஸ் என்றால் டக், டக் என்ற சத்தம். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தான் என்பதைப் பாதி காதால்தான் கணிப்பார்கள். சாதோவின் மட்டையில் பட்ட பந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்கி, சத்தமே இல்லாமல் கிளம்பியது. எந்த வேகத்தில் வருகிறது, எப்படிச் சுழல்கிறது என்று தெரியாமல் பெரிய பெரிய வீரர்கள் திணறினார்கள். அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் தோற்றார். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோசியான் தோற்றார். உலகப் பட்டம் ஜப்பானுக்குப் போயிற்று.

ஆனால் சாதோவுக்கு அதன் பிறகு உலகப் பட்டம் கிட்டவில்லை. மட்டையின் மர்மம் பிடிபட்டதும் மற்றவர்கள் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள், அவர்களும் ஸ்பாஞ்சுக்கு மாறினார்கள். 1959-ல் சர்வதேச சம்மேளனம் வெறும் ஸ்பாஞ்ச் மட்டையைத் தடை செய்தது. ஸ்பாஞ்சுக்கு மேல் ரப்பர் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. இன்று உலகமெங்கும் ஆடப்படும் மட்டையின் இலக்கணம் அங்கே ஆரம்பித்ததுதான்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. டேபிள் டென்னிஸ் மாதிரி, விதியும் கருவியும் இத்தனை முறை மாறிய ஆட்டம் குறைவு. ஒவ்வொரு மாறுதலும் ஒரு தலைமுறை வீரர்களை ஓரங்கட்டிவிடும். ஒரே ஆயுதத்தை நம்பியவருக்கு ஒரே பருவம்தான்.

வீடே பயிற்சிக்கூடம்

சரத் கமல் 1982 ஜூலை 12-ந் தேதி பிறந்தவர். தெலுங்குக் குடும்பம், வளர்ந்தது சென்னையில். தகப்பனார் சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் இந்த ஆட்டத்தில் ஊறியவர்கள், பயிற்சியாளர்கள். நாலு வயதில் மட்டையைப் பிடித்த பையன், வீட்டுப் பெரியவர்களிடமே பாடம் கேட்டு வளர்ந்தான். சங்கீதத்தில் குருகுலவாசம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பள்ளிப் படிப்பு பத்மா சேஷாத்ரியில், பட்டப்படிப்பு லயோலா கல்லூரியில் பி.காம்.

அவர் கல்லூரி வயதை எட்டிய சமயத்தில்தான் ஆட்டமே மாறத் தொடங்கியது. 2000-ம் வருஷ சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று. பெரிய பந்து காற்றில் கொஞ்சம் மெதுவாகப் போகும், சுழற்சியும் கொஞ்சம் குறையும், டெலிவிஷனில் நன்றாகத் தெரியும் என்பது கணக்கு. 2001 செப்டம்பரில் 21 பாயிண்ட் ஆட்டம் போய் 11 பாயிண்ட் வந்தது. ஐந்து சர்வீஸுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தது இரண்டுக்கு ஒரு முறை ஆயிற்று. 2002-ல், சர்வீஸ் போடும்போது உடம்பாலோ கையாலோ பந்தை எதிராளியிடமிருந்து மறைக்கக்கூடாது என்று விதி வந்தது.

கிளப்பில் ஆடிய நமக்கே இதன் அர்த்தம் புரியும். 21 பாயிண்ட் ஆட்டத்தில் முதல் ஆறு பாயிண்ட் விட்டுவிட்டு, எதிராளியின் போக்கைப் படித்து, பிறகு மெள்ளப் பிடித்துவிடலாம். 11 பாயிண்டில் அந்த சாவகாசம் கிடையாது. துணிந்து முதலில் அடிப்பவனுக்கு சாதகம். உயரமும் நீண்ட கையும் படைத்த ஒரு இளைஞனுக்கு இது கூடி வந்த காலம். 2003-ல் சரத் முதல் தடவை தேசிய சாம்பியன் ஆனார். 2004-ல் அர்ஜுனா விருதும் ஏதன்ஸ் ஒலிம்பிக்ஸும் வந்தன.

உத்தியோகமா, தொழிலா?

இங்கேதான் அவர் எடுத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் டேபிள் டென்னிஸ் வீரர் என்றால் ஒரு வழி உண்டு. தேசிய அளவில் நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ பாங்கிலோ எண்ணெய்க் கம்பெனியிலோ உத்தியோகம் கிடைக்கும். காலையில் ஆபீஸ், சாயந்திரம் ஆட்டம். குடும்பத்துக்கு நிம்மதி. அந்த வழியிலேயே மகா வீரர்கள் வந்திருக்கிறார்கள். கம்லேஷ் மேத்தா எட்டு தடவை தேசிய சாம்பியனாக இருந்தவர். சென்னையின் வி. சந்திரசேகர் மூன்று தடவை சாம்பியன், 1982-ல் அர்ஜுனா விருது பெற்றவர். 1984-ல் முழங்கால் அறுவை சிகிச்சையின்போது ஏற்பட்ட விபரீதத்தால் அவருடைய ஆட்ட வாழ்க்கை அப்படியே நின்றுவிட்டது. மீண்டு எழுந்து, பிறகு பயிற்சியாளராகப் பல இளைஞர்களை உருவாக்கி, 2021-ல் காலமானார். ஒரு வீரனின் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அவர் கதை சொல்லும். ‘முதலில் ஒரு உத்தியோகம்’ என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த வழியில் ஒரு குறை இருந்தது. தினம் தினம் தன்னைவிட மேலான ஆட்டக்காரர்களோடு ஆடினால்தான் ஆட்டம் வளரும். அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பிய லீகுகளில் இருந்தார்கள், சீனாவில் இருந்தார்கள். தொண்ணூறுகளில் சேத்தன் பாபூர் ஸ்வீடன் லீகில் ஆடி அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார். சரத்துக்கும் இந்தியன் ஆயில் நிறுவனத்தில் உத்தியோகம் இருந்தது. இருந்தும் அவர் அதோடு நிற்கவில்லை. ஸ்பெயின் நாட்டு லீகில் ஆடினார், பிறகு ஜெர்மனியின் புண்டஸ்லீகாவுக்குப் போனார். பாஷை தெரியாத ஊர், குளிர், சைவ அசைவ சாப்பாட்டுப் பிரச்னை, வாரக் கடைசியில் கிளப்புக்காக ஆட்டம், மற்ற நாட்களில் பயிற்சி. ஜெயித்தால்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ பிள்ளைகளை அனுப்பிய நம் அங்கத்தினர்களுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தை அவர் தொழிலாக எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்வது இதைத்தான். சம்பளத்துக்கு ஆடினார் என்பது அதில் ஒரு பாகம். தினம் தோற்கக்கூடிய இடத்தில் போய்த் தன்னை வைத்துக்கொண்டார் என்பது பெரிய பாகம்.

ஆட்டத்தின் லக்ஷணம்

இனி அவர் ஆட்டத்தைப் பார்ப்போம். வலது கைக்காரர். கைகுலுக்குகிற மாதிரி மட்டையைப் பிடிக்கும் ஷேக்ஹேண்ட் பிடி. உயரம் ஆறடிக்கு மேல், சுமார் 186 சென்டிமீட்டர். டேபிள் டென்னிஸில் இந்த உயரம் ஒரே சமயத்தில் வரமும் சாபமும். கை எட்டும் தூரம் அதிகம் என்பதால் அகலமாக வரும் பந்தையும் ஓடாமல் எடுக்கலாம். மேஜையை விட்டு இரண்டடி பின்வாங்கி நின்றால் முழு வீச்சில் ஃபோர்ஹேண்ட் அடிக்கலாம். ஆனால் வலைக்கு அருகே குட்டையாக விழும் பந்துக்கு அந்த உடம்பைக் குனிந்து உள்ளே கொண்டுபோக வேண்டும், அடுத்த பந்துக்குள் வெளியேயும் வர வேண்டும். வயிற்றுக்கு நேராக, முழங்கைப் பக்கம் வரும் பந்துக்கு ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அரைக் கணத்தில் முடிவு செய்ய வேண்டும். நெட்டையான ஆட்டக்காரரை வீழ்த்த நினைப்பவன் முதலில் குறி வைப்பது இந்த இரண்டு இடங்களைத்தான்.

2006 மெல்போர்னில் பார்த்த சரத்திடம் வரம்தான் மேலோங்கி நின்றது. சர்வீஸ் போடுவார், பந்து திரும்பி வந்ததும் காலை மாற்றி வைத்து ஃபோர்ஹேண்ட் டாப் ஸ்பின். அந்த அடியின் பலம் தோளிலிருந்து வருவதில்லை. கால், இடுப்பு, தோள், முன்கை, மணிக்கட்டு என்று வரிசையாக ஏறி வரும். பந்து மேலிருந்து கீழாகச் சுழன்றுகொண்டு போவதால் காற்று அதைக் கீழே அமுக்கும். வலைக்கு மேலே உயரமாகப் போன பந்து திடீரென்று இறங்கி, மேஜையில் பட்டதும் முன்னே பாயும். தடுக்க மட்டையை நீட்டினால் பந்து மேலே எகிறிவிடும்.

அந்த அடியை வைத்துக்கொண்டு, சொந்த ஊர் ரசிகர்கள் கரகோஷம் செய்ய ஆடிய ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்செல்லை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தார். காமன்வெல்த் விளையாட்டு ஒற்றையரில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். அணிப் போட்டியிலும் சிங்கப்பூரை வென்று தங்கம் வந்தது. சீனாவில் பிறந்து பயிற்சி பெற்றவர்கள் பலர் ஆடிய சிங்கப்பூரை வெல்வது அப்போது லேசான காரியமில்லை.

நழுவிய தரை

அடுத்த மாறுதல் 2008-ல் வந்தது. அதுவரை வீரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ரப்பரைப் பிரித்து, ‘ஸ்பீட் க்ளூ’ என்ற ஒரு வகைப் பசையைத் தடவி ஒட்டுவார்கள். அதிலுள்ள ஆவி ஸ்பாஞ்சுக்குள் புகுந்து அதை உப்பச் செய்யும். ரப்பர் விறைத்து நிற்கும். பந்து கவண்கல் மாதிரி கிளம்பும். அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல் என்று பீஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் பின் 2008 செப்டம்பரிலிருந்து அதைத் தடை செய்தார்கள். பல வருஷங்களாக ஒரு சுருதியில் பாடிப் பழகியவரை வேறு சுருதியில் பாடச் சொன்ன மாதிரிதான். மட்டை கொடுத்த வேகத்தை இனி உடம்பு கொடுக்க வேண்டும்.

இந்த மாறுதலை அவர் தாண்டினார். 2010-ல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றார். எகிப்து ஓப்பனில் ஹாங்காங்கின் லி சிங்கை வென்று சாம்பியன் ஆனார். அதே வருஷம் டில்லி காமன்வெல்த் விளையாட்டுகளில் சுபஜித் சாஹாவுடன் சேர்ந்து இரட்டையர் தங்கம், ஒற்றையரிலும் அணியிலும் வெண்கலம்.

அதன் பிறகு இறக்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அவர் தகுதி பெறவில்லை. ஆடவர் பிரிவில் இந்தியாவுக்காக 19 வயது சௌம்யஜித் கோஷ் ஆடினார். 2014-ல் கிளாஸ்கோவில் இரட்டையர் வெள்ளி ஒன்றுதான். அதே வருஷம் இன்னொரு பெரிய மாறுதல் வந்தது. நூறு வருஷங்களுக்கு மேலாக இருந்துவந்த செல்லுலாய்ட் பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. சுழற்சி இன்னும் கொஞ்சம் குறைந்தது. டாப் ஸ்பின்னை நம்பிய ஆட்டக்காரருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பாருங்கள். முன்பு திரும்பி வராத பந்து இப்போது திரும்பி வந்தது. மேஜைக்கு அருகில் நின்று, எதிராளியின் வேகத்தையே வாங்கிப் பட்டென்று திருப்பும் ஆட்டக்காரர்களின் காலம் பிறந்தது. 2015-ல் தொடையின் பின்புறத் தசையில் பலத்த காயம். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் முதல் சுற்றிலேயே ருமேனியாவின் அட்ரியன் கிரிசானிடம் தோல்வி.

வயது 34. குடும்பஸ்தர். உத்தியோகம் கையில் இருக்கிறது. தேசியப் பட்டங்கள், அர்ஜுனா விருது, காமன்வெல்த் தங்கங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் அவர் மட்டையைக் கீழே வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுபடியும் சரளி வரிசை

அவர் செய்தது வேறு. 2016-ல் இத்தாலிய பயிற்சியாளர் மாசிமோ காஸ்டன்டினி மறுபடியும் இந்திய அணிக்கு வந்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் டெலிவிஷனில் நான் பார்த்த சரத் வேறு ஆட்டக்காரராகத் தெரிந்தார். பழைய பெரிய வீச்சு சுருங்கியிருந்தது. மேஜையை ஒட்டி நின்றார். முன்பு ஃபோர்ஹேண்டுக்காக வளைத்துக்கொண்டு ஓடிய பந்துகளை இப்போது பேக்ஹேண்டிலேயே எடுத்தார். குட்டையாக விழும் சர்வீஸை மெதுவாகத் திருப்பிவிட்டுக் காத்திராமல், மணிக்கட்டைச் சுழற்றி ஃப்ளிக் செய்து தாமே தாக்குதலைத் தொடங்கினார். நாலாவது, ஐந்தாவது பந்துக்குள் பாயிண்டை முடித்துவிடப் பார்த்தார். பழைய ஃபோர்ஹேண்ட் போய்விடவில்லை. எப்போது எடுப்பது என்பதில் சிக்கனம் வந்திருந்தது.

நாற்பது வருஷம் கச்சேரி செய்த வித்வானுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியதும், மேல் ஸ்தாயியில் பிருகா போடுவதைக் குறைத்துக்கொண்டு கீழ் ஸ்தாயியில் ராகத்தின் உருவத்தைக் காட்டுவார் அல்லவா? கேட்பவர்கள் ‘இப்போதுதான் பாட்டு பழுத்திருக்கிறது’ என்பார்கள். ஆனால் அந்தப் பழுத்த பாட்டுக்குப் பின்னால், விடியற்காலையில் மறுபடியும் சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்த சாதகம் இருக்கும். முப்பத்தைந்து வயதில், தேசிய சாம்பியனாக இருந்தவர், ஒரு பேக்ஹேண்டைப் புதிதாகப் பழகுவது அந்த மாதிரிதான். அதில் கூச்சம் உண்டு. பழகும் காலத்தில் தன்னைவிடச் சின்னவர்களிடம் தோற்க வேண்டியிருக்கும்.

பலன் 2018-ல் வந்தது. கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் அணித் தங்கம், சத்தியனுடன் இரட்டையர் வெள்ளி, ஒற்றையர் வெண்கலம். அதே வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் இந்திய ஆடவர் அணி காலிறுதியில் ஜப்பானை வென்றது. 1958-ல் ஆசிய விளையாட்டுகளில் டேபிள் டென்னிஸ் சேர்க்கப்பட்டது. அறுபது வருஷங்கள் கழித்து இந்தியாவுக்கு அதில் முதல் பதக்கம் கிடைத்தது. அணிக்கு வெண்கலம், மணிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். 2019-ல் பத்மஸ்ரீ. 2020 மார்ச்சில் ஓமன் ஓப்பன் இறுதியில் போர்ச்சுகலின் மார்கோஸ் ஃப்ரைடாஸை வென்றார். கடைசி கேம் 17-15. பத்து வருஷங்களுக்குப் பிறகு ஒரு சர்வதேசப் பட்டம்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில், போர்ச்சுகலின் டியாகோ அபோலோனியாவை வென்று மூன்றாவது சுற்றுக்கு வந்தார். எதிரே சீனாவின் மா லாங். நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், பலரும் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர் என்று கொண்டாடுபவர். முதல் கேம் 7-11. இரண்டாவது கேமை சரத் 11-8 என்று எடுத்தார். மூன்றாவதில் 11-13 வரை விடவில்லை. அதன் பிறகு மா லாங் 11-4, 11-4 என்று முடித்துவிட்டார். 39 வயது மனிதர் அரை மணி நேரம் உலகத்தின் உச்சியில் இருப்பவரோடு சரிக்குச் சரியாக ஆடினார். ஸ்கோரைப் பார்த்தால் 1-4 தோல்விதான். அந்த மூன்றாவது கேமைப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

பர்மிங்ஹாம்

2022 ஏப்ரலில் ஷில்லாங்கில், இறுதி ஆட்டத்தில் சத்தியனை 4-3 என்று வென்று பத்தாவது தடவை தேசிய சாம்பியன் ஆனார். கம்லேஷ் மேத்தாவின் எட்டை ஏற்கெனவே தாண்டியாயிற்று. அந்த வருஷம் ஆகஸ்டில் பர்மிங்ஹாம்.

அங்கே எல்லாமே அவருக்கு ஜெயமாக அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணிப் போட்டி அரையிறுதியில் நைஜீரியாவின் குவாத்ரி அருணாவை வென்றவர், சிங்கப்பூருடன் நடந்த இறுதியில் தமது ஒற்றையர் ஆட்டத்தில் கிளாரன்ஸ் சியூவிடம் தோற்றார். சத்தியனும் ஹர்மீத் தேசாயும் தத்தம் ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்து, 3-1 என்று தங்கம் வந்தது. ஆரம்ப காலத்தில் அணி இவர் ஒருவரின் தோளில் நின்றது. இப்போது இவர் சறுக்கினாலும் அணி நின்றது. எனக்கென்னவோ அவருக்கு அதில்தான் அதிக திருப்தி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு, தம்மைவிட 16 வயது இளையவரான ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையர் தங்கம். சத்தியனுடன் இரட்டையர் வெள்ளி. கடைசி நாள் ஒற்றையர் இறுதியில் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு, அவருடைய சொந்த ரசிகர்களுக்கு எதிரில். முதல் கேம் 11-13 என்று போயிற்று. அடுத்த நான்கும் 11-7, 11-2, 11-6, 11-8. மெல்போர்னில் இளைஞனாக ஆஸ்திரேலியக் கூட்டத்தின் முன்னால் செய்ததை, வேறொரு பந்தில், வேறொரு மட்டையில், வேறொரு ஆட்டத்தை ஆடி மறுபடியும் செய்தார். ஒரே விளையாட்டுத் திருவிழாவில் நான்கு பதக்கங்கள். காமன்வெல்த் விளையாட்டுகளில் மொத்தம் 13 பதக்கங்கள், அவற்றில் 7 தங்கம். அந்த வருஷம் கேல் ரத்னா விருதும் கிடைத்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் அவருக்கு ஐந்தாவது. பி.வி. சிந்துவுடன் சேர்ந்து தேசியக் கொடியை ஏந்தினார். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனால் ஒலிம்பிக்ஸ் அணிப் போட்டிக்கு இந்திய ஆடவர், மகளிர் இரு அணிகளும் முதல் தடவையாகத் தகுதி பெற்றது அந்த ஒலிம்பிக்ஸில்தான். 2025 மார்ச்சில், சொந்த ஊரான சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டியோடு ஓய்வு பெற்றார். கடைசி ஆட்டத்தில் அவரை வென்றவர் ஸ்நேஹித் சுராவஜ்ஜுலா என்ற இந்திய இளைஞர். விடைபெறுவதற்கு இதைவிடப் பொருத்தமான தோல்வி வேறென்ன இருக்க முடியும்!

நமக்கு இதில் என்ன?

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. புனேயில் இருக்கும் என் பேரன் மாவட்ட அளவில் ஆடுகிறான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. ‘போதும், இனி மட்டையை அலமாரியில் வை’ என்கிறான் அவன் அப்பா, அதாவது என் பிள்ளை. வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. இந்த மாதிரிப் பேச்சு நடக்காத வீடு நம் அங்கத்தினர்களில் குறைவாகத்தான் இருக்கும். பந்துக்குப் பதில் வயலின் இருக்கும், பரதநாட்டியம் இருக்கும். பேச்சு ஒன்றுதான்.

என் பிள்ளை சொல்வதில் தவறு இல்லை. பத்து தேசியப் பட்டங்கள் எடுத்தவர் இந்த நாட்டில் ஒருவர்தான். மற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர் பெயர் தெரியாமல் போயிருக்கிறார்கள். பேரனிடமும் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் படிப்பா, ஆட்டமா என்று இரண்டில் ஒன்றாகக் கேட்பது இன்றைக்கு அவசியமில்லை. சரத் கமல் பி.காம். படித்தவர். 2019-ல் உலகத் தரவரிசையில் முதல் 25 இடங்களுக்குள் வந்த முதல் இந்தியரான சத்தியன் சென்னையில் இன்ஜினியரிங் பட்டம் பெற்றவர். சத்தியனை உருவாக்கிய எஸ். ராமனும் முன்னாள் தேசிய சாம்பியன். சரத் புறப்பட்ட காலத்தில் வெளிநாட்டு லீக் ஒன்றுதான் வழி. 2017-லிருந்து உள்ளூரிலேயே ஒரு தொழில்முறை லீக் நடந்து, வெளிநாட்டு வீரர்கள் இங்கே வந்து ஆடியிருக்கிறார்கள். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களின் கால்கள் வலித்திருக்கின்றன, பின்னால் வருபவர்களுக்குக் கொஞ்சம் மேடு தட்டியிருக்கிறது.

பேரன் சாம்பியன் ஆவானா என்பது எனக்குத் தெரியாது. அது எனக்கு முக்கியமுமில்லை. அவன் எந்த உத்தியோகத்துக்குப் போனாலும், அவன் கற்ற வித்தையின் விதிகள் அவன் கண்ணெதிரிலேயே நாலு தடவையாவது மாறத்தான் போகின்றன. நம் தலைமுறையில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை மாறினோம், அதற்கே எத்தனை பேர் வாலண்டரி ரிடையர்மென்ட் வாங்கிக்கொண்டு போனார்கள்! பழைய திறமையின் கௌரவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்னவர்களிடம் தோற்றுக்கொண்டே புதிதாகப் பழகும் மனசு ஒரு பையனுக்கு வாய்க்குமானால் அது எந்த சர்டிஃபிகேட்டுக்கும் குறைந்ததில்லை. டேபிள் டென்னிஸ் மேஜை அதைக் கற்றுத் தரக்கூடிய இடம் என்பதற்கு சரத் கமலின் இருபது வருஷங்கள் சாட்சி.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கிளைச் சங்கங்கள் பலவற்றில் ஹால் இருக்கிறது. கல்யாணமும் உபன்யாசமும் இல்லாத நாட்களில் அது பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மேஜையும், வலையும், இரண்டு ஜோடி மட்டைகளும் வாங்க ஒரு சிறு நன்கொடை போதும். மேஜையை மடித்து ஓரமாக வைத்துவிடலாம், உபன்யாசத்துக்கு இடைஞ்சல் இராது. குழந்தைகள் ஆடட்டும், கூடவே நாமும் ஆடலாம். அறுபது வயதுக்காரர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று ஆடாமல், மேஜையை ஒட்டி நின்று ஆடுவது நல்லது. முழங்காலுக்கும் அதுவே உத்தமம்.